ஆர்டர் வரும்வரை அம்மாக்கண்ணு

“ஆடிப்பெருக்கு அன்னிக்குத்தான் அவரு ஜீப்பு ஏறிப் போனாரு” என்று அம்மாக்கண்ணு தொடங்கும்போது பயணியின் பெட்டி அவள் தலைக்குப் போயிருக்கும். பெட்டி போகிற பக்கம் காதும் போயாகவேண்டும். “ஞாயித்துக்கெழம வேற. ஞாயித்துக்கெழமையில வேல பாக்கற ஆபீசர நீ எங்கனா பாத்திருக்கியா? அவரு பாத்தாரு. பேண்ட்ட மடிச்சி வுட்டுக்கினு இந்தக் குழியில எறங்கி, கொளாயத் தொட்டுத் தொட்டுப் பாத்தாரு. அப்பறம் மேல ஏறி, ‘உங்க பேரு என்னம்மா’ன்னாரு. ‘உங்க’! கேட்டுக்கினியா? அம்மாக்கண்ணுன்னேன். ‘அம்மாக்கண்ணு, யாரும் தொடாம பாத்துக்குங்க, நான் போய் எழுதறேன்’னாரு. ஜீப்பு ஏறினாரு. தோ, அந்தப் புளியமரம் தாண்டற வரைக்கும் கை ஆட்டினாரு.”

கதை முடியும் இடத்தில் குழியும் முடியும். பெட்டி எதிர்ப்பக்கத்தில் நிற்கும் பஸ்ஸின் மேல் ஏறும். பெட்டிக்குப் பத்துப் பைசா. கதைக்குத் தனிக் கட்டணம் கிடையாது.

செஞ்சிக்கு மேற்கே, திருவண்ணாமலைச் சாலை கோட்டையின் வெளிமதிலைப் பிளந்துகொண்டு உள்ளே நுழைகிற இடம் அது. ஒரு பக்கம் மதில், மறுபக்கம் அகழி. மழைக்காலத்தில் அங்கே தண்ணீர் தேங்குகிறது என்று சாலைக்கு அடியில் ஒரு குழாய் புதைக்க அறுபத்து நான்காம் வருஷம் சாலை இலாகா முடிவு செய்தது. இப்படிப்பட்ட வேலையில் பாதிச் சாலையைத் தோண்டி, மறுபாதியில் வண்டிகளை விடுவது வழக்கம். திண்டிவனத்துக் காண்டிராக்டருக்கு ஏதோ அவசரம். முழு அகலத்தையும் ஒரே நாளில் தோண்டிவிட்டார். அந்த இலாகாவில் ஒரு வேலை அவசரமாக நடந்ததாக நான் கேள்விப்பட்டது இது ஒன்றைத்தான்.

ஆள் உயரத்துக்குத் தோண்டியதும் கடப்பாரை எதிலோ பட்டு ‘ணங்’கென்றது. சுட்ட மண் குழாய்கள். ஒன்றின் வாய்க்குள் இன்னொன்றின் வால் செருகி, சுண்ணாம்பு பூசி, மலைப்பக்கத்திலிருந்து கோட்டைக்குள் போகும் நீண்ட வரிசை. எந்த ராஜாவோ எந்த நவாபோ தண்ணீர் கொண்டுபோன வழி. குழாய் புதைக்க வந்தவர்கள் குழாயைக் கண்டுபிடித்தார்கள். இலாகா கொண்டுவந்த சிமெண்டுக் குழாய்களில் இரண்டு லாரியிலிருந்து இறக்கும்போதே உடைந்துபோயிருந்தன. மண் குழாயில் ஒரே ஒரு விரிசல். அதுவும் அன்று காலை கடப்பாரை போட்டது.

ஓவர்சியர் அரிகிருஷ்ணன் விதிப்படி நடப்பவர். பழைய பொருள் எதுவும் கிடைத்தால் வேலையை நிறுத்தித் தகவல் கொடுக்கவேண்டும் என்பது விதி. நிறுத்தினார், கொடுத்தார். நிறுத்திய வேலையை மறுபடி எப்போது தொடங்குவது என்பதை விதி எழுதியவர்கள் எழுத மறந்திருந்தார்கள். புதைபொருள் இலாகா அதிகாரி ஆடிப்பெருக்கு அன்று வந்தார், பார்த்தார், கை ஆட்டிவிட்டுப் போனார். பிறகு அவரிடமிருந்து கடிதம் வரவேண்டும். வரவில்லை.

ஆகவே திண்டிவனத்திலிருந்து வரும் பஸ் குழிக்கு இந்தப் பக்கம் நின்றது. திருவண்ணாமலை போகும் பஸ் அந்தப் பக்கம் நின்றது. நடுவில் மதிலை ஒட்டிய ஒற்றையடி வழியில் ஜனங்கள் குழந்தை, கோழி, பலாப்பழம் சகிதம் நடந்தார்கள். சாலை வேலைக்கு வந்த கூலிக் கூட்டம் வேறு வேலைக்குப் போயிற்று. அந்தக் கூட்டத்தில் மண் சட்டி சுமந்த சித்தாள் ஒருத்தி மட்டும் போகவில்லை.

பல வருஷம் வெளிநாடு, வெளியூர் என்று சுற்றிவிட்டு அந்தப் புரட்டாசியில் பெங்களூர் வழியாக நான் ஊர் திரும்பியபோது, என் டிரங்குப் பெட்டியைப் பிடுங்கித் தலையில் வைத்துக்கொண்டு முதலில் வரவேற்றவள் அவள்தான். ரோமாபுரி ரயில் நிலையத்தை ஒட்டி ஒரு பழங்கோட்டைச் சுவரை அப்படியே விட்டுவைத்திருக்கிறார்கள். நான் பார்த்தபோது சுற்றிலும் இரும்பு வேலி இருந்தது, விவரம் எழுதிய பலகை இருந்தது. செஞ்சியில் அவ்வளவு ஆடம்பரம் கிடையாது. நான்கு குச்சி, ஒரு சணல் கயிறு, அம்மாக்கண்ணு.

நாற்பது வயது இருக்கலாம். அவளைக் கேட்டால், “எளுதி வெச்சவங்க யாரும் உசுரோட இல்ல” என்பாள். ஒல்லி. பல வருஷம் சும்மாடு உட்கார்ந்த உச்சந்தலையில் மயிர் தேய்ந்து பளபளக்கும். சாலை வேலைக்குப் போகும் பெண்கள் புடவைமேல் ஆண்பிள்ளைச் சட்டை ஒன்றைப் போட்டுக்கொள்வது வழக்கம். அம்மாக்கண்ணுவின் சட்டை காக்கி. ஒரு பஸ் கண்டக்டரிடம் ஒரு மாதம் நச்சரித்து வாங்கியது. டிக்கெட் வைக்கிற பையில் வெற்றிலையும் புகையிலையும் இருக்கும். “வாட்ச்மேனுன்னா காக்கி போட்டாத்தானே மருவாதி?” என்றாள். வாட்ச்மேன் வேலை அவளுக்குக் கிடைத்துவிட்டதா என்று கேட்டேன். “ஆர்டரு வரல. வந்துடும். அதுக்குள்ள சட்டைய வாங்கி வெச்சிக்கினேன்” என்றாள்.

அவளுக்கு ஊர் அவலூர்பேட்டைப் பக்கம். புருஷன் பாண்டிச்சேரிக்கு வேலை தேடிப் போனவன், அங்கே வேலையைத் தவிர மற்றதெல்லாம் கிடைத்ததால் திரும்பவில்லை. பதினைந்து வயதிலிருந்து மாவட்டத்தின் எல்லாச் சாலைகளிலும் மண் சுமந்திருக்கிறாள். அத்தனை வருஷமும் அவளை மேஸ்திரிகள் கூப்பிட்டது, “ஏய்”, “இந்தா”, “அந்தக் கடைசிப் பொம்பள.” பேரைக் கேட்டு, ‘உங்க’ போட்டு, ஒரு பொருளைப் பார்த்துக்கொள்ளச் சொன்ன முதல் மனிதர் அந்த அதிகாரி. அவர் சென்னைக்குப் போய்ச் சேருவதற்குள் அவளை மறந்திருப்பார் என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும். அம்மாக்கண்ணுவுக்கு மட்டும் அது உத்தியோகம்.

உத்தியோகஸ்தர்களின் முதல் வேலை எல்லையை விரிப்பது. கார்த்திகை வருவதற்குள் அவளுடைய ஆட்சி குழியைத் தாண்டி மதிலுக்கும், மதிலைத் தாண்டி அகழிக்கும் பரவிவிட்டது. பஸ்ஸிலிருந்து இறங்கியதும் மதிலோரம் ஒதுங்குவது திண்டிவனம் பயணிகளின் உரிமை. அதைப் பறித்தவள் அம்மாக்கண்ணு. பெரிய மீசைக்காரர் ஒருவர் மதிலைப் பார்த்து நின்றபோது அவர் காலடியில் சரளைக்கல் வந்து விழுந்தது.

“ஏய், யாருமேல கல்லு வுடற? நான் யாருன்னு தெரியுமா?”

“மூஞ்சி காட்டாம நின்னா எப்பிடித் தெரியும்? இப்பிடித் திரும்பு, பாப்பம்.”

அவர் திரும்பவில்லை. இரண்டு பஸ்ஸிலும் இருந்தவர்கள் சிரித்து முடிக்கும்வரை திரும்ப முடியவுமில்லை.

கோட்டைக் கல்லை எடுத்துப் போகும் வண்டிகளும் மாட்டிக்கொண்டன. செஞ்சியில் கோட்டைக் கல் இல்லாத வீடு குறைவு. சரித்திரத்தின்மேல் எங்களுக்கு இருக்கும் பிரியத்தில் அதைப் பிரிந்து இருக்க முடியாமல் ஆளுக்குக் கொஞ்சம் வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டோம். கடைத்தெருவில் எண்ணெய் மண்டி வைத்திருக்கும் என் சித்தப்பா சம்பந்தம் வீட்டில் துணி துவைக்கும் கல்லைப் புரட்டிப் பார்த்தால் ஒரு யாளியின் கால் தெரியும். இதை அம்மாக்கண்ணுவிடம் உளறியது என் தவறு. மறுநாள் கடைக்கே போய்விட்டாள்.

“அய்யா, உங்க வூட்ல கோட்டைக் கல்லு ஒண்ணு இருக்குதாமே? எப்ப கொண்டாந்து போடறீங்க?”

“எங்க தாத்தா காலத்துலேருந்து இருக்குதுடி அது!”

“அப்ப தாத்தாவ கேக்கட்டுமா?”

தாத்தா காலமாகி முப்பது வருஷம். சித்தப்பா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

ஓவர்சியரே கயிற்றைத் தாண்டமுடியாது. அரிகிருஷ்ணன் ஒரு நாள் அளவு டேப்போடு இறங்கப் போனார். கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“ஆர்டரு இருக்குதா சார்?”

“ரோடே எங்க டிபார்ட்மெண்டும்மா! உனக்கு யாரு ஆர்டர் குடுத்தா?”

“வாயால குடுத்தாரு.”

“வாயால குடுத்தா அது ஆர்டரா?”

“அப்ப வாயால நிறுத்துன்னு நீங்க சொன்னீங்களே, நாங்க கடப்பாரைய கீழ போட்டமே, அது இன்னா?”

அவர் டேப்பைச் சுற்றிக்கொண்டார். அதன்பிறகு தூரத்திலிருந்தே அளந்தார்.

ஊர் அவளைக் கிண்டல் செய்வதை ஒரு தினசரிக் கடமையாகவே வைத்துக்கொண்டது. “இன்னா அம்மாக்கண்ணு, தபால்காரரு வந்தாரே, ஆர்டரா?” “இல்ல, ஒனக்குப் பொண்ணு குடுக்க மாட்டோம்னு எளுதியிருக்காங்க.” சிலர் பரிவோடு யோசனையும் சொன்னார்கள். குழாய்க்கு ஒரு மஞ்சள் துணியைச் சுற்றி, குங்குமம் வைத்துவிட்டால் ஒரு பயல் கிட்டே வரமாட்டான் என்றார் டீக்கடைக்காரர். அம்மாக்கண்ணு கையெடுத்துக் கும்பிட்டாள். “வாணாஞ்சாமி. சாமின்னு சொன்னா கோயிலு கட்டணும்பாங்க. கோயிலு கட்டறதுக்குக் கடக்கால் தோண்டுவாங்க. கொளாயி தூளாப் போயிடும். அது கொளாயாவே இருக்கட்டும்.”

தொண்டூர் மகாவீரன் என்று ஒரு சமணக் குடும்பத்து விவசாயி வாரம் ஒருமுறை மணிலாக் கடலை மூட்டையோடு அந்த வழியே வருவார். அவர் குழியை எட்டிப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். “எங்க ஊரு பாறையில முனிவருங்க படுத்த படுக்கையே இருக்குது. ஆயிரம் வருசத்துக்கு மேல. அதுக்கு ஒரு மொழக் கயிறு கெடையாது. நீ தண்ணிக் கொளாய்க்கு இம்மாம் பண்ற.”

“உங்க ஊரு கல்லுக்கு யாராவது எங்கிட்ட சொன்னாங்களா? சொன்னா அதையும் பாத்துக்கறேன். பஸ்சுக்கு மட்டும் துட்டு குடுத்துடணும்.”

ஐப்பசி மழையில் குழி குளமாயிற்று. நான் குடை பிடித்துக்கொண்டு பார்க்கப் போனால், அவள் இடுப்பளவு தண்ணீரில் நின்று தகர டின்னால் இறைத்துக்கொண்டிருந்தாள். ஒரு பக்கம் இறைக்க, மறுபக்கம் மழை ஊற்றிக்கொண்டிருந்தது. அந்தக் குழாய் தண்ணீருக்காகவே செய்தது, நனைந்தால் ஒன்றும் ஆகாது என்றேன். “அது எனக்குத் தெரியாதா? ஓரத்து மண்ணு சரிஞ்சி மேல வுழுந்தா?” என்று டின்னை என் கையில் கொடுத்தாள். குடை அகழியில் போயிற்று.

நானும் சும்மா இருக்கவில்லை. சென்னைக்கு இரண்டு கடிதம் எழுதினேன். என் கடிதம் கிடைத்தது என்று ஒரு பதில் வந்தது. இரண்டாவது கடிதமும் கிடைத்தது என்று இன்னொரு பதில் வந்தது. தபால் இலாகா நன்றாக வேலை செய்கிறது என்பதில் அதன்பின் எனக்குச் சந்தேகம் இல்லை.

இதற்குள் திருக்கார்த்திகை நெருங்கிவிட்டது. திருவண்ணாமலை தீபத்துக்கு வரும் ஸ்பெஷல் பஸ்கள் செஞ்சியில் நின்றால்தான் எங்கள் கடைத்தெருவுக்குத் தீபாவளி. சாலை இப்படியே கிடந்தால் எல்லா பஸ்ஸையும் வேட்டவலம் வழியாகத் திருப்பிவிடப் போவதாக ஒரு செய்தி பரவியது. அன்று மாலையே சித்தப்பா மண்டியில் கூட்டம். நூறு வருஷமாகக் கோட்டைக்கு ஒரு கூட்டம் போடாதவர்கள் குழிக்குப் போட்டார்கள்.

“பொதபொருளு பொதபொருளுன்னுகினு நாலு மாசமா ஊர பட்டினி போடறாங்க” என்றார் சித்தப்பா. “பொதச்சு கெடந்ததுதானே? மறுபடியும் பொதச்சிட்டாப் போவுது. கருங்கல்லையும் ஜல்லியையும் கொட்டி ரோலர வுட்டு ஒரு மிதி மிதிச்சா ரெண்டு நாள்ல ரோடு.”

அடியில் இருக்கும் குழாய் நொறுங்கிவிடுமே என்றேன்.

“நொறுங்கட்டும். நீ என்னா அதுல தண்ணி புடிக்கப் போறியா?”

எல்லாரும் ஓவர்சியரைப் பார்த்தார்கள். அரிகிருஷ்ணன் கூரையைப் பார்த்தார். “மறு உத்தரவு இல்லாம நான் செய்ய முடியாதுங்க. ஆனா எனக்கு லீவு பாக்கி இருக்கு. வியாழக்கிழமை ஊருக்குப் போறேன். நான் இல்லாதப்ப ஊர் ஜனங்க சேர்ந்து ஏதாவது செஞ்சிட்டா...” அவருக்கு ஒரு டம்ளர் காபி கூடுதலாக வந்தது.

காண்டிராக்டரின் மேஸ்திரி பச்சைமுத்து பழைய கூலிக் கூட்டத்தைத் திரட்டிக்கொண்டு வந்துசேர்ந்தான். அம்மாக்கண்ணு குழியில் குதித்துப் படுத்துக்கொள்வாள், போலீஸைக் கூப்பிடவேண்டியிருக்கும் என்று ஊரே எதிர்பார்த்தது. நல்ல இடம் பிடிக்க மதில்மேல் ஏறி உட்கார்ந்தவர்களும் உண்டு. அவள் கயிற்றை அவிழ்த்துச் சுருட்டி ஓரமாக வைத்தாள்.

“நானும் வேலைக்கு வரேன் மேஸ்திரி.”

“அட! ஆபீசரு கோச்சுக்க மாட்டாரா?”

“கூலி வந்தா வுடறதுக்கு நான் இன்னா பைத்தியமா? கடைசி ஆளா நிக்கறேன்.”

மதில்மேல் இருந்தவர்கள் ஏமாந்துபோய் இறங்கினார்கள். நானும் ஏமாந்துதான் போனேன். வெளிநாட்டில் படித்த மூளை வேறு எப்படி வேலை செய்யும்?

மண், ஜல்லி கொட்டும் வேலையில் ஒரு முறை உண்டு. குவியலிலிருந்து குழிவரைக்கும் சித்தாட்கள் வரிசையாக நிற்பார்கள். முதல் ஆள் சட்டியை நிரப்பிக் கொடுக்க, அது கைமாறிக் கைமாறிப் போகும். காலிச் சட்டி எதிர்வரிசையில் திரும்பி வரும். வரிசையில் நிற்பவளுக்கு வலப்பக்கத்துக் கையும் இடப்பக்கத்துக் கையும்தான் உலகம். நிரப்புகிறவன் வேகத்தை வைத்து மேஸ்திரி வேலையைக் கணக்குப் பண்ணுவான். எங்கே கொட்டுவது என்பது கடைசிக் கையின் பொறுப்பு. அதை யாரும் போய்ப் பார்ப்பதில்லை.

பச்சைமுத்து குவியலின் பக்கம் புளியமர நிழலில் பீடி பற்றவைத்துக்கொண்டான். சட்டிகள் பறந்தன. பொம்பளைகள் பாட்டுக்கூட எடுத்தார்கள். குவியல் கரைவதைப் பார்த்து அவனுக்கு மனம் குளிர்ந்தது. உச்சிவேளையில் மெதுவாக எழுந்து நடந்துவந்தான். குழி காலையில் இருந்ததுபோலவே காலியாக இருந்தது. சாலையின் மறு ஓரத்தில் அழகான புதுக் குவியல் ஒன்று எழும்பியிருந்தது. கருங்கல் தனி, ஜல்லி தனி.

“இன்னாடி இது?”

“ஜல்லி.”

“கண்ணு தெரியுது! குழியிலதானே கொட்டச் சொன்னேன்?”

“குழியில எங்க கொட்ட? அடியில மண்ணுக் கொளாயி இருக்குது. இம்மாம் ஒசரத்துலேருந்து கருங்கல்லு வுழுந்தா இன்னாத்துக்கு ஆவும்? மொதல்ல ஆத்து மணலு கொண்டா. இடுப்பு ஒசரத்துக்கு மணலு. அப்பறம் மண்ணு. அப்பறம் நீ இன்னா வேணா கொட்டிக்க. ரோடும் ஆச்சு. அவரு வந்து தோண்டினா அவரு கொளாயும் அப்பிடியே இருக்கும்.”

பச்சைமுத்து அவளைக் கையைப் பிடித்து இழுத்து வெளியே நிறுத்தினான். அடுத்து நின்ற லட்சுமியம்மாளைக் கடைசி ஆளாக்கினான். பக்கத்திலேயே நின்று கவனித்தான். லட்சுமியம்மாள் சட்டியை வாங்கினாள், குழிக்கு முதுகைக் காட்டித் திரும்பினாள், ஓரத்தில் கொட்டினாள்.

“ஏய்!”

“கை பழகிடுச்சி மேஸ்திரி” என்றாள் லட்சுமியம்மாள், முகத்தைக் கல் மாதிரி வைத்துக்கொண்டு.

இன்னும் இரண்டு பேரை மாற்றிப் பார்த்தான். எல்லார் கையும் பழகியிருந்தது.

சித்தப்பா வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு ஓடிவந்தார். தீபத்துக்கு இன்னும் நான்கே நாள். கத்தினார், கெஞ்சினார், யார் யாருடைய பரம்பரையையோ எடுத்துப் பேசினார். அம்மாக்கண்ணு வெற்றிலை மடித்துக்கொண்டே கேட்டாள். “மணலுக்கு வண்டி இல்லன்னு மேஸ்திரி சொல்றாரு. உங்க மண்டியில ரெட்ட மாட்டு வண்டி ரெண்டு சும்மாதானே நிக்குது? பஸ்சு வரணும்னு உங்களுக்குத்தானே அய்யா அவசரம். எனக்கு இன்னா?”

ஆற்று மணல் வந்தது. சித்தப்பாவின் வண்டியில், சித்தப்பாவின் செலவில். தொல்பொருள் பாதுகாப்புக்காகச் செஞ்சி வியாபாரிகள் செய்த முதல் நன்கொடை அது. ரசீது கேட்டும் கிடைக்கவில்லை. வரிசை மறுபடி நின்றது. கடைசிக் கை மறுபடி அம்மாக்கண்ணு. இந்தத் தடவை குழிக்குள்ளேயே இறங்கி நின்றுகொண்டு, சட்டியை வாங்கி, குனிந்து, குழாயின் இரண்டு பக்கமும் கைப்பிடி கைப்பிடியாக மணலை அணைத்து வைத்தாள். இரண்டாம் நாள், லீவில் இருந்த அரிகிருஷ்ணன் மனம் கேட்காமல் நான்குமுழ வேட்டியோடு வந்து எட்டிப் பார்த்தார். “மணல் படுக்கை போடறது டெக்னிகலாவும் சரிதான்” என்று யாரும் கேட்காமலே சொல்லிவிட்டுப் போனார்.

தீபத்தன்று பஸ்கள் வரிசையாக வந்தன. ஊர் கற்பூரமும் தேங்காயும் விற்றது. அம்மாக்கண்ணு சாலை ஓரத்தில் குந்திக்கொண்டு, ஒவ்வொரு பஸ் போகும்போதும் உள்ளங்கையைத் தரையில் பதித்துப் பார்த்தாள்.

“அதிர்கிறதா?” என்று கேட்டேன்.

“லேசா. பாரம் தூக்கறவனுக்குக் கழுத்து நடுங்கும் பாரு, அம்மாந்தான்.”

சிமெண்டுக் குழாயைப் புதைக்கும் விஷயத்தை எல்லாரும் மறந்துபோனார்கள். உடையாமல் மிஞ்சியவற்றில் ஆடுகள் படுக்கின்றன. சாலை இலாகாவின் மழைத்தண்ணீர் இன்றும் சாலைமேலேயே நிற்கிறது.

குழி போயிற்று, கூடவே பெட்டிக்கூலியும் போயிற்று. பஸ் நிற்காத இடத்தில் யாருக்குப் பெட்டி தூக்குவது? வாரத்தில் நான்கு நாள் ஏதாவது சாலையில் மண் சுமக்கப் போகிறாள். மற்ற நாட்களில் மதில் நிழலில் வந்து உட்காருகிறாள். காக்கிச் சட்டை வெளுத்துவிட்டது. மதிலோரம் ஒதுங்குபவர்கள்மேல் இன்னும் சரளை விழுகிறது. எல்லாம் மூடியாயிற்றே, இனி எதற்கு ஆர்டர் வரப்போகிறது என்று ஒரு தடவை கேட்டேன். “மூடிட்டாங்கன்னு அவருக்கு எப்பிடித் தெரியும்? எழுதறேன்னாரு. எழுதுவாரு” என்றாள். இரண்டு மாதம் இருந்துவிட்டுக் கிளம்பலாம் என்று வந்த நானும் ஏதோ ஒரு சாக்கில் தங்கிக்கொண்டே இருந்தேன். அரிகிருஷ்ணனுக்குத் திருக்கோவிலூருக்கு மாற்றல் ஆயிற்று. மறு வருஷத்துத் தீபமும் வந்து போயிற்று.

இந்தப் பங்குனியில் கடிதம் வந்தது. மேலே அரிகிருஷ்ணனின் பதவிப் பெயர். அவர் இடத்துக்கு இன்னும் ஆள் வராததால் தபால்காரர் அதைச் சித்தப்பா கடையில் போட்டார். இங்கிலீஷில் இருந்ததால் சித்தப்பா என்னிடம் போட்டார். கையெழுத்தின் தேதிக்கும் தபால் முத்திரைக்கும் நடுவில் ஒரு மழைக்காலம் போயிருந்தது. எடுத்துக்கொண்டு ஓடினேன்.

அம்மாக்கண்ணு மதில் நிழலில் உட்கார்ந்து பாக்கு வெட்டிக்கொண்டிருந்தாள். கடிதத்தைப் பார்த்தாள். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, “படி” என்றாள்.

தமிழில் சொன்னேன். செஞ்சியில் கிடைத்த மண் குழாய் வரிசை முக்கியமானது. தோண்டிய பள்ளம் மூடப்படாமல் அப்படியே இருக்கவேண்டும். மறு உத்தரவு வரும்வரை அதன்மேல் எந்த வண்டியும் போகக்கூடாது. இப்போது இடத்தைப் பார்த்துக்கொள்ளும் பெண்மணியே காவலராகத் தொடரலாம். அவர் பெயரைத் தெரிவிக்கவும்.

“மறுபடி சொல்லு.”

மறுபடி சொன்னேன்.

“பேரா?” என்றாள். “கேட்டுக்கினுதானே போனாரு.”

நான் கடிதத்தை மடித்தேன், பிரித்தேன். அவள் சிறிது நேரம் பாக்குவெட்டியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

“வண்டி போவக்கூடாதுன்னு எழுதியிருக்குதா? நல்லாப் பாத்தியா?”

“எழுதியிருக்கிறது.”

மேற்கே பகல் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு திரும்பியது. திருவண்ணாமலையிலிருந்து வருவது, கூரைமேல்கூட ஆள். அம்மாக்கண்ணு எழுந்தாள். புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டு சாலைக்கு ஏறினாள். எந்த அடையாளமும் இல்லாத தார்ச்சாலையில் நேராக ஓர் இடத்துக்குப் போய், பஸ்ஸைப் பார்த்து நின்று, வலது கையை உயரத் தூக்கினாள்.

ஹாரன் விடாமல் அடித்தது. கை இறங்கவில்லை.